நடுக்கம் உயிரின் குற்றமோ?

கொங்கு நாட்டிலே தாராபுரத்தை அடுத்த மூலனூரில் யாம் வதிகின்றோம். வானம் பார்த்த பூமி. பருத்தியும் முருங்கையும் கால்நடையுமே இங்குள்ள குடிகட்குத் துணை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வாரந்தோறும் ஏலம் போகும் பருத்தி, பஞ்சாலை சென்று நூலாகித் திருப்பூரிலே பின்னலாடையாகிக் கடல் கடந்து செல்லும். பஞ்சு செல்லும் வழியே எம்மூர்ப் பெண்மக்களும் செல்கின்றனர். விடியுமுன் ஆலை வண்டி வந்து நிற்கும். இரவுமுறை முடித்தோர் இறங்க, பகல்முறைக்குரியோர் ஏறுவர்.

அவருள் ஒருத்தி எம்மூர்ச் சிவாலயத்து வார வழிபாட்டிற்குத் தவறாது வந்து திருமுறை ஓதுபவள். சில ஆண்டுகட்கு முன் ஓரிரவு, உடன் நின்ற தோழியின் கை இயந்திரத்துட் சிக்குண்டதை அருகிருந்து கண்டாள். தோழிக்கு நேர்ந்ததை ஈண்டு விரித்தல் வேண்டா. இவள் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் அதன்பின் அவள் கோயிலில் நிற்க முடியாதவளாயினாள். இக்காலத்துச் சிவாலயங்களில் தீபாராதனையின்போது மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் வைத்திருத்தலை அன்பர்கள் அறிவர். (அடியார் கைத்தொண்டாக இருந்ததனை விசைப்பொறியிடம் ஒப்படைத்தது தகுமோ என்பது வேறொரு வழக்கு, அதனைப் பின்னொருகாற் பேசுதும்.) அப்பொறி முடுக்கப்படும் ஓசை எழுந்ததும் அவள் முகம் வெளிறும், கை குளிரும், கூப்பிய கை பிரிய, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடுவாள்.

கண்டவர் பலவாறு பேசினர். தீபாராதனையில் புறங்காட்டி ஓடுவது சிவாபராதம் என்றார் ஒருவர். யாமும் எம் பங்கிற்குப் பிழை செய்தோம். அவளை அழைத்து, "இது பழவினைப் பயன், பத்தி முதிர்ந்தார்க்கு அச்சம் இல்லை, கண்ணை மூடி, மூச்சை அடக்கி, திருவைந்தெழுத்தை ஓதி இரு" என்று பணித்தோம். அவள் அங்ஙனமே மூன்று நாள் இருந்து பார்த்தாள். கண்ணை மூடினால் அந்த இரவே முன்வந்து நின்றதாம். மூச்சை அடக்கினால் நெஞ்சு வெடிப்பது போன்றிருந்ததாம். நான்காம் நாள் முதல் கோயிலுக்கு வருவதையே விட்டாள். பல மாதங்கழித்து எம்மைத் தெருவிற் கண்டபொழுது அவள் சொல்லியது ஒரே வாக்கியம்: "மனசு அங்கயேதான் நிக்குதுங்க சாமி, ஒடம்புதான் ஓடிப்போயிருது."

சித்தாந்தம் பயின்றோம் என்று சொல்லிக்கொள்ளும் எமக்கு அவ்வாக்கியம் பாடமாயிற்று. நிற்பது எது? ஓடுவது எது? ஓட்டத்திற்குப் பழி சுமத்தப்பட வேண்டியது யார்மேல்? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், மேனாட்டு உடலியலார் இதுபற்றிக் கண்டதனைச் சுருங்கக் கூறுதும். இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை முதலியன நம் ஏவலை எதிர்பாராது தாமே நடப்பன. இவற்றை நடத்தும் நரம்புத் தொகுதிக்கு லாங்லி என்னும் ஆங்கில அறிஞர் 1898-இல் ஒரு பெயரிட்டார். தமிழ்ப் பாடநூல்கள் அதனைத் தன்னியங்கு நரம்பு மண்டலம் என வழங்கும். அதனுட் பரிவு நரம்புகள் என்பன இடர் வந்துழி உடம்பை முடுக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் இடர் நீங்கியுழி அதனைத் தணிக்கும். அச்சமும் வெகுளியும் உற்றபோது உடம்பு பொரவோ ஓடவோ ஆயத்தமாகும் வகையினை அமெரிக்க நாட்டுக் கேனன் என்பார் 1915-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அட்ரீனல் சுரப்பியின் நீர் குருதியிற் கலக்க, இதயம் விரைகின்றது. குருதி குடலை விட்டுக் கை கால் தசைகட்குப் பாய்கின்றது. தோல் வெளிறிக் குளிர்கின்றது. பொரவும் ஓடவும் இடமில்லாதவிடத்துச் சிலர் மரம்போல் உறைந்துவிடுதலும் உண்டு. இவையெல்லாம் எண்ணிப் பார்த்துச் செய்வன அல்ல; எண்ணம் எழுமுன் நிகழ்ந்து முடிவன. நாகமென்று கண்டு துள்ளியபின்னரே அது கயிறென்று அறிகின்றோம்.

இடர் நீங்கினால் இவ்வெழுச்சி தணிதல் வேண்டும். சிலர்க்குத் தணிவதில்லை. முன்னைய இடரை ஒருசிறிது ஒத்த ஓசையோ நாற்றமோ உற்ற அளவிலே உடம்பு மீட்டும் அதே போர்க்கோலம் பூணும். இதனை ஒரு நோயென அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் 1980-இல் சேர்த்தது. யாழ்ப்பாணத்து மருத்துவர் இதனை மனவடு என்று வழங்கினர். நல்ல சொல். வடு என்பது புண் ஆறிய பின்னும் உடம்பு நினைவு வைத்திருத்தலன்றோ?

இம்மருத்துவத்தில் அண்மைக்காலத்தே பெருகிவரும் முறை ஒன்றுண்டு. நிகழ்ந்ததைச் சொல்லுக என்று முதலில் வற்புறுத்தாது, உடம்பின் இயக்கத்தை உற்று அறியப் பழக்குவது அது. பாதம் தரையிற் படுதலை உணர்தல். கண்ணைத் திறந்து தான் இருக்கும் இடத்தை நாற்புறமும் நோக்குதல். உடம்பில் நோவாத ஓரிடத்தைத் தேடி அங்கே கருத்தை வைத்தல். பின்னர் அஞ்சிய நினைவை விரல்நுனியளவு தொட்டு, நடுக்கம் தொடங்கியதும் அவ்வமைதியிடத்திற்கு மீளுதல். மூச்சினை உள்ளிழுப்பதிலும் வெளிவிடுதலை நீட்டித்தல். இறுதியிற் கூறியதற்கு உடலியற் காரணம் உண்டு. உள்மூச்சில் இதயம் சற்று விரைகின்றது. வெளிமூச்சில் வேகஸ் என்னும் நரம்பின் வழியே தணிகின்றது. அந்நரம்பின் இழைகளுட் பெரும்பாலன மூளையின் கட்டளையை உறுப்புகட்குக் கொண்டு செல்வன அல்ல. உறுப்புகளின் நிலையை மூளைக்கு உணர்த்துவன. ஆகவே மனத்தால் உடம்பைத் தணித்தல் அரிதாயவிடத்து, உடம்பால் மனத்தைத் தணித்தல் எளிதாகின்றது.

இம்முறை நம் தமிழகத்திலேயே தேர்ந்து பார்க்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 உயிர்களைக் கொண்டது. பிழைத்தவர் பலர் கடலோசை கேட்ட அளவிலே நடுங்கினர்; கடலையே வாழ்வாகக் கொண்டவர்க்கு இஃது எத்துணைத் துயரம்! அலையால் உளம் ஊறுற்ற தென்னிந்தியர் 150 பேருக்கு மேற்கூறிய உடலுணர்வு முறையில் 75 நிமிட அளவில் ஓரமர்வு அளித்து, பார்க்கர், டாக்டர், செல்வம் என்னும் மூவர் 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். எட்டு மாதங்கழித்து வினவியபோது 90 விழுக்காட்டினர் துயர் பெரிதும் குறைந்தது அல்லது நீங்கியது என்றனர். இதனைக் கேட்டு மகிழ்வது இயல்பே. ஆயின் மருத்துவம் பெறாத குழு ஒன்றும் ஒப்பிட வைக்கப்படாமையின், காலம் ஆற்றியது எவ்வளவு, மருத்துவம் ஆற்றியது எவ்வளவு எனப் பிரித்தறிய இயலாது. நாகப்பட்டின முகாம்களில் 183 பேரிடை நடந்து 2010-இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு சற்று வலிமையுடையது. மூச்சுப் பயிற்சி பெற்றோர், அதனோடு உளச்சிகிச்சையும் பெற்றோர், ஆறு வாரம் காத்திருந்தோர் என மூன்று குழு வகுத்தனர். பயிற்சி பெற்றோர்க்குத் துயர்க்குறி பெரிதும் இறங்கிற்று. காத்திருந்தோர்க்கு அங்ஙனம் இறங்கவில்லை. அவ்வாய்விலும் ஆட்களைத் திருவுளச்சீட்டுப் போலக் குறிப்பின்றிப் பிரிக்காது முகாம் முகாமாகப் பிரித்தமை ஒரு குறையே. இஸ்ரேல் நாட்டில் 63 பேரிடம் அங்ஙனம் குறிப்பின்றிப் பிரித்துச் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அதுவும் உடலுணர்வு முறைக்கு ஆக்கமாகவே முடிந்தது. எனினும் அஞ்சிய நினைவை ஒழுங்குபட அணுகும் உளச்சிகிச்சைகட்கே இன்றைக்குச் சான்று மிகுதி. போர்ஜஸ் என்பார் 1990-களில் வேகஸ் நரம்பைப் பற்றி நிறுவிய கொள்கையை இம்முறையினர் பெரிதும் எடுத்தாள்வர். உடலியலார் பலர் அதனை உடன்பட்டிலர். கொள்கை நிற்பினும் வீழினும், உடம்பைத் தணித்தால் நோயாளர் தணிகின்றார் என்னும் காட்சி நிற்கும்.

இவ்விடத்தே எம்மவர் சிலர் விரைந்தெழுந்து, "இவையெல்லாம் திருமூலர் அருளியனவே, இடைகலை பிங்கலை என்பனவே பரிவும் எதிர்ப்பரிவும்" என்பர். அவ்விரைவு எமக்கு உடன்பாடன்று. நாடி வேறு, அறுத்துக் காணும் நரம்பு வேறு. தச வாயுக்களையும் தச நாடிகளையும் நம் ஆசிரியர் வகுத்தது உயிர் தன்னையும் தலைவனையும் அறிதற்பொருட்டு. நரம்பின் இழையை எண்ணுதற்பொருட்டு அன்று. இரண்டையும் ஒன்றாக்கினால் நாளை மேனாட்டுக் கொள்கை மாறும்போது நம் சாத்திரத்தையும் உடன் மாற்ற வேண்டிவரும். நம் நூலிடம் கேட்க வேண்டிய வினா வேறு. இந்நடுக்கம் யாருக்கு உரியது என்பதே அது.

சிவஞானபோதத்து நான்காம் சூத்திரம், அந்தக்கரணங்களுள் ஒன்றும் உயிரன்று எனவும், அரசன் அமைச்சரோடு கூடி நின்றாற்போல உயிர் அவற்றோடு கூடி நின்று தொழிற்படும் எனவும் உணர்த்தும். உடம்பும் கருவிகளும் மாயையின் காரியம்; தாமே அறியா; உயிர் அவற்றைச் சார்ந்து, சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும். பகைவன் வந்தான் என்று வாயிற்காவலன் பறையறைந்தான். பகைவன் போய்ப் பல்லாண்டாகியும் அவன் அறைதலை நிறுத்தினானில்லை. அரண்மனை முழுதும் அவ்வோசை நிறைதலின் அரசன் வேறொன்றும் கேளாதவனாயினான். துயிலின்றித் துன்புறுபவன் அரசனே. ஆயின் பறையறைந்தவன் அரசனல்லன். காவலன்தானும் தீயோனல்லன், முன்னொருநாள் தன் கடமையைச் செய்து அரசனைக் காத்தவனே. இதனால் துன்பம் உயிரினது. குற்றம் உயிரினதன்று என்பது பெறப்படும். அப்பெண் சொன்னதும் இதுவே. சூத்திரம் பயிலாத அவள் கருவியையும் கருத்தாவையும் பிரித்துக் கண்டாள். பயின்ற யாம் இரண்டையும் குழப்பினோம்.

அற்றேல், அவள் கோயிலினின்று ஓடியது ஆகாமியம் ஆகாதோ எனின், ஆகாது என்பேம். யான் செய்தேன், எனக்காகச் செய்தேன் என்னும் பற்றோடு மனமொழி மெய்களால் இயற்றுவதே மேல்வினையாய் ஏறுவது. எண்ணம் எழுமுன் உடம்பு துள்ளியது நுகர்ச்சியே அன்றிச் செயலன்று. தும்மலைச் சிவாபராதம் என்பார் உளரோ?

"திருநாவுக்கரசர் நீற்றறையினும் யானைமுன்னும் அஞ்சினாரல்லரே; அன்பு உண்டேல் அச்சம் எங்ஙனம் உண்டாம்?" என்று ஓர் அன்பர் எம்மை வினவினார். அச்சமின்மை அருள் பதிந்ததன் பயன். அருளைப் பெறுதற்குக் கட்டவேண்டிய நுழைவரி அன்று. சூலைநோய் தாங்கமாட்டாது தமக்கையார் திருவடியில் வீழ்ந்த நாளில் அப்பெருமானும் வருந்திய உடம்பினரே. திலகவதியார் அவரை நோக்கி உனக்கு அன்பில்லை என்றாரில்லை. திருநீறு அளித்து, கைப்பற்றித் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். அதனை யாம் எத்தனை முறை சொற்பொழிவிற் சொல்லியிருக்கின்றோம்! சொல்லிய வாயாலேயே அவளை வெருட்டினோம்.

இனி, எல்லாவற்றினும் கடுமையான தடை ஒன்றுண்டு. துன்பம் பிராரத்தம், நுகர்ந்தே தீர்க்கற்பாலது, அதனை மருத்துவத்தால் மாற்ற முயல்வது வினை கழிதலைத் தடுப்பதாகாதோ? இதற்கு விடை கொங்கு மண்ணிலேயே அருளப்பட்டிருக்கின்றது. ஆளுடைய பிள்ளையார் திருச்செங்கோடாகிய கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்தே, பனிக்காலத்தின் நளிர்சுரம் உடன்வந்த அடியாரைப் பற்றிற்று. இந்நாட்டின் இயல்பு இஃது என்று அவர்கள் விண்ணப்பித்தனர். பிள்ளையார் வினையென்று வாளா இருந்தாரல்லர். முன்னை வினைக்கு இன்னது வந்தது என்று சொல்லி உய்யும் வழி நாடாதிருத்தல் அடியார்க்கு இழுக்கு என்னும் கருத்தமையத் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி அந்நோயைத் தீர்த்தார். திருப்பாச்சிலாச்சிராமத்தில் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடந்த கொல்லிமழவன் மகளைக் கண்டபோதும், இவள் முன்செய்தது யாது என்று வினவினாரில்லை. வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்குத் தரப்பட்ட துணை. பிறன் துன்பத்தைத் தான் பொறுத்துக்கொள்வதற்குத் தரப்பட்ட சாக்கு அன்று. நோய் வினைவழி வந்ததாயின், மருத்துவனும் மருந்தும் அவ்வினைவழியே இறைவன் கூட்ட வந்தனவாகலாம். வந்த மருந்தைத் தடுத்தோமாயின், நமக்கு ஏறுவது ஆகாமியமே.

மந்திரம் ஓதுவித்தது தவறோ எனில், மந்திரம் தவறன்று, முறை தவறு. போரால் நைந்த ஈழத்திலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களும் அவரோடு உழைத்தோரும் சைவர்க்குப் பிரணவம் முதலிய செபத்தையும், கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் அவரவர் மரபின் செபத்தையும், மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம் முதலியவற்றோடு சேர்த்து நோயாளர்க்குப் பழக்கினர். போர் மக்கள் உள்ளத்தை எவ்வாறு சிதைத்தது என்று 1998-இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். தம் மக்கள் துயரைச் சொல்லால் சொல்லாது பெருமூச்சாலும் நெஞ்சுவலியாலும் சொல்லுதலைக் கூர்ந்து கண்டவர் அவர். அங்கே செபம் நோயாளர் அளவறிந்து தரப்பட்டது. யாமோ அவள் எப்படியிருக்கின்றாள் என்று ஒருசொல் கேளாமலே கண்ணை மூடு, மூச்சை அடக்கு என்றோம். ஊறுற்றார் சிலர்க்குக் கண்மூடலும் மூச்சில் கருத்தூன்றலும் நடுக்கத்தை மிகுவிக்கும் என்பதனை இத்துறை மருத்துவர் நன்கறிவர். கும்பகத்தைக் குருமுகமாகவன்றிப் பயிலலாகாது என்பது நம் மரபு; அதனை யாமே மறந்தோம்.

மற்றொரு புறத்து எச்சரிக்கையும் வேண்டும். இம்முறையைப் பரப்புவார் சிலர் உடம்பு தணிந்த நிலையையே ஆன்ம தரிசனம் என்று பேசத் தலைப்பட்டுள்ளனர். நரம்பு ஓய்ந்தால் ஆணவம் ஓய்ந்ததாகாது. நன்றாக உறங்கியெழுந்த கொடியோனுக்கும் நாடி சீராகவே ஓடும். காவலன் பறையை நிறுத்தியபின் அரசன் எதனைக் கேட்கப்போகின்றான் என்பதே சமயத்தின் வினா. பறை ஒலிக்குங்கால் அவ்வினாவைக் கேட்பதற்கே இடமில்லை. மருத்துவத்தின் எல்லையும் பெருமையும் அவ்வளவே.

மடங்களிலும் கோயில்களிலும் துயருற்றோர் முதலில் வருவது நம்மிடமே ஆதலின், அவரை ஓதுவித்தற்கு முன் கேட்டல் வேண்டும். நம்மால் ஆகாததை மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் 14416 என்னும் எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம் என்பதனையும் ஈண்டுக் குறித்து வைக்கின்றோம்.

அவள் ஒரு மனநல மருத்துவரிடம் ஓராண்டு சென்று வந்தாள். இப்பொழுது ஆலைக்குப் போவதில்லை. வீட்டிலேயே தையல் வேலை செய்கின்றாள். யாம் அவள் வீடு சென்று எம் பிழையைச் சொன்னோம். மின்முரசை நிறுத்திவிடலாமா என்று கேட்டபொழுது, எனக்காக வேண்டாம், முடுக்குமுன் ஒரு குரல் கொடுத்தாற் போதும் என்றாள். அங்ஙனமே குருக்கள் இப்பொழுது திரும்பி ஒரு முறை நோக்கிவிட்டே பொறியை முடுக்குகின்றார். அவள் மகாமண்டபத்துத் தூணில் முதுகு சாய்த்து, வெறுங்காலைக் கருங்கல் தரையில் ஊன்றி, கண்ணைத் திறந்தபடியே நிற்கின்றாள். சென்ற பிரதோடத்தில் பாதி வழிபாட்டில் வெளியே போய்விட்டாள். யாரும் அழைக்கச் செல்லவில்லை. நந்தியெம்பெருமானுக்குக் கற்பூரம் காட்டும்பொழுது தானே திரும்பி வந்து, விட்ட பாட்டை இடையிலிருந்தே எடுத்து ஓதினாள்.

அன்று வெளியே வருங்கால் எம்மிடம் ஒன்று வினவினாள். தன் நடுக்கம் தன் குற்றமன்று என்று யாம் சொல்லியது விளங்கிற்றாம். கை இழந்த தோழிக்கும் அதனைப் போய்ச் சொல்லலாமா, அன்றி அவளுக்கு வேறேதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். சொல்வதற்கு முன் அவள் சொல்வதைக் கேட்டு வா என்றோம். அடுத்த ஞாயிறு தாராபுரம் பேருந்தில் புறப்பட்டுச் சென்றிருக்கின்றாள்.